நாவலில் ஜெயித்த உயில் நம்மூர் கோர்ட்டில் நிற்குமா?

உயில் தகராறை வைத்து எழுதிய திரில்லர் நாவல் ஒன்றை எங்கள் வாசகர் வட்டத்தில் அண்மையில் பேச எடுத்துக்கொண்டார்கள். பணக்காரப் பெரியவர் இறந்துபோகிறார். மகன்களுக்கு ஒன்றுமில்லை, வளர்ப்புப் பெண்ணுக்கே அத்தனையும் என்று உயில். கடைசி அத்தியாயத்தில் இன்னொரு உயில் கிடைக்கிறது. வந்திருந்த பெரும்பாலானவர்களுக்குக் கதை பிடித்திருந்தது. வக்கீல் குடும்பத்தையே கூட்டி உட்காரவைத்து உயிலைப் படிக்கும் காட்சியைச் சிலர் சிலாகித்தார்கள். குறுக்கு விசாரணையில் மூத்த மகன் உடைந்துபோகும் இடம்தான் உச்சம் என்றார்கள் வேறு சிலர். "பெத்த பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதினா எந்த கோர்ட் சார் ஒத்துக்கும்? அங்கதான் கதை நம்புற மாதிரி இல்லை" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கல்லூரி மாணவி ஒருத்தி, "செல்போன்ல வீடியோ எடுத்திருந்தா முதல் அத்தியாயத்திலேயே கேஸ் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

நான் சிவில் வக்கீல். எனக்கு உறுத்தியது வேறு. அந்த உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. என்னிடம் வரும் கட்சிக்காரர்களும் இப்படித்தான். "ரிஜிஸ்டர் பண்ணியாச்சு சார், டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கு" என்பார்கள். சாட்சி யார் என்று கேட்டால், "பத்திர ஆபீஸ் வாசல்ல நின்னவரு சார், பேரு தெரியல" என்று பதில் வரும். வழக்கு அங்கேயே பாதி தோற்றாயிற்று.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 கேட்பது இதைத்தான்: உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. வழக்கு என்று வந்தால், சாட்சிகள் உயிரோடு இருக்கும் பட்சத்தில், அவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே தீர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 68. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் பிரிவு 67. பத்திரப் பதிவு இந்த வேலையைச் செய்யாது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமும் இல்லை. (முஸ்லிம்களுக்கு உயில் விதிகள் வேறு. வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.)

கூண்டில் என்ன நடக்கும்? நாவலில் வருவதுபோல யாரும் அழமாட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாக, சின்னச் சின்னதாகக் கேட்பார். உங்களை யார் கூப்பிட்டது? எந்த வண்டியில் போனீர்கள்? பெரியவர் கட்டிலில் இருந்தாரா, நாற்காலியிலா? கண்ணாடி போட்டிருந்தாரா? தாள்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் போட்டாரா, கடைசியில் மட்டுமா? பேனா யாருடையது? இதில் ஏதோ ஒரு கேள்விக்கு அந்த மனிதர் வெள்ளந்தியாக, "நான் போகும்போதே அவர் போட்டு முடிச்சிருந்தார் சார், என்னை இங்க போடுன்னாங்க, போட்டேன்" என்று சொல்லிவிடுவார். எழுத்தர் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். 'என் கையெழுத்துதான்' என்று பெரியவர் இவரிடம் ஒப்புக்கொண்டதாக வேறெங்கும் வரவில்லையென்றால், உயில் அந்த ஒரு வரியிலேயே ஆட்டம் கண்டுவிடும். இதையெல்லாம் நாவலில் எழுதினால் யார் படிப்பார்கள், அது வேறு விஷயம்.

ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதியதாலேயே ஓர் உயில் செல்லாமல் போகாது. சட்டப்படி யாருக்குப் போகுமோ அந்த வழியை மாற்றத்தானே உயிலே எழுதுகிறோம். (பூர்வீகச் சொத்தாக இருந்தால் தன் பங்கைத்தான் எழுத முடியும்.) கதையை விஞ்சியதும் உண்டு. எம்.பி. பிர்லா குழுமத்தின் பிரியம்வதா பிர்லா 1999-இல் எழுதிய உயில், சொத்தை உறவினர்கள் யாருக்கும் தராமல் ஆடிட்டர் ஆர்.எஸ். லோதாவுக்குக் கொடுத்தது. 2004-இல் அம்மையார் மறைந்ததும் வழக்கு கிளம்பியது. 2008-இல் லோதாவும் மறைந்தார், வழக்கு அடுத்த தலைமுறைக்குப் போயிற்று.

நீதிமன்றம் தேடுவது 'சந்தேகத்துக்குரிய சூழ்நிலை' ஒன்று இருக்கிறதா என்பதை. வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையே (ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பு, 1959) இன்றுவரை எல்லா உயில் வழக்கிலும் எடுத்துக் காட்டுகிறோம். நடுங்கிய கையெழுத்து, பெரியவரின் மனநிலை பற்றிய ஐயம், காரணமே சொல்லாமல் மனைவி மக்களை ஒதுக்கியது, பலன் அடைகிறவரே முன்னின்று எழுதவைத்தது - இப்படி எது இருந்தாலும் அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது. ஆகவே சொத்து பெறப்போகும் பிள்ளையே ஆட்டோ பிடித்து, சாட்சியைக் கூட்டிவந்து, பதிவுக் கட்டணமும் கட்டுவது பாசத்தில் செய்வதாக இருக்கலாம். குறுக்கு விசாரணையில் அதற்கு வேறு பெயர். யாரையாவது விட்டு எழுதினால் ஏன் என்று உயிலிலேயே ஒரு வரி சேருங்கள். 'மூத்தவனுக்கு ஏற்கெனவே வீடு வாங்கிக் கொடுத்துவிட்டேன்' என்றிருந்தால்கூடப் போதும்.

எல்லாரும் ரசித்த உயில் வாசிப்புக் காட்சி நம் சட்டத்தில் கிடையாது. இங்கே உயில் பீரோவிலிருந்துதான் வரும், சில வீடுகளில் வராமலே போகும். பீரோச் சாவி யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். பதிவு செய்வதன் நிஜமான பயன் இங்கேதான்: அசல் காணாமல் போனாலும், எழுதியவர் காலமான பிறகு இறப்புச் சான்றைக் காட்டி நகல் வாங்கலாம். அவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். வில்லங்கச் சான்றிலும் உயில் வராது. பதிவும் வேண்டாம், ரகசியமாகவே இருக்கட்டும் என்றால், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.

வீடியோவும் எடுக்கலாம். பெரியவர் தெளிவாக இருந்தார் என்று காட்ட உதவும். சாட்சிக் கையெழுத்துக்கு அது ஈடாகாது.

நான் நடத்திய வழக்கு ஒன்று, ஊர் பெயர் வேண்டாம். அப்பா கடைசிக் காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட இளைய மகளுக்கு வீட்டை எழுதினார். சாட்சிகள் அவருடைய நடைப்பயிற்சி நண்பர்கள், இருவருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். அண்ணன் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டபோது இரண்டு பேருமே காலமாகியிருந்தார்கள். சட்டத்தில் அதற்கும் வழி இருக்கிறது: ஒரு சாட்சியின் கையெழுத்து அவருடையதுதான் என்றும், உயிலில் உள்ளது எழுதியவர் கையெழுத்துதான் என்றும் நிரூபித்தால் போதும். இறந்த சாட்சியின் மகனைத் தேடிப் பிடித்தோம். பழைய கூட்டுறவு வங்கிப் படிவம் ஒன்றில் இருந்த தன் அப்பாவின் கையெழுத்தோடு உயிலில் இருந்ததை வைத்துப் பார்த்து, 'இது எங்கப்பா கையெழுத்து, அந்த வால் அப்படித்தான் இழுப்பார்' என்று கோர்ட்டில் சொன்னார். வீடு அந்தப் பெண்ணுக்கு நின்றது. அவர் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் தரப்பு வக்கீலுக்கும் தெரியும்.

சாட்சியாக உங்களைவிட இளையவரைப் பிடியுங்கள், உள்ளூரிலேயே இருக்கக்கூடியவராக. குடும்ப மருத்துவர் சம்மதித்தால் ரொம்ப நல்லது. அவர்களுடைய முகவரி, போன் நம்பர் உயிலிலேயே இருக்கட்டும். சொத்து பெறுகிறவரும் அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பமானால் அப்படிப் போட்டவருக்கும் அவருடைய துணைக்கும் எழுதிய பங்கு செல்லாமலே போகும். இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாது, சந்தேகம்தான் கிளம்பும். எழுதிய பின் சாட்சி ஒருவர் தவறிவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ புதிதாக எழுதிவிடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பழையதை ரத்து செய்கிறேன் என்று ஒரு வரி சேர்த்து, தேதி போட மறக்காதீர்கள்.