பிபி நார்மல்தான், தலை ஏன் கிர்ரென்கிறது?

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே புடவைப் பிரிவில் நிற்கும் 24 வயதுப் பெண், தண்டையார்பேட்டையில் இருக்கும் என் கிளினிக்குக்கு அம்மாவோடு வந்தார். "நின்னா பத்து நிமிஷத்துல தலை கிர்ருங்குது டாக்டர், கண்ணு இருட்டிக்கினு வருது. உக்காந்தா சரியாப் பூடுது." பை நிறைய ரிப்போர்ட். ரத்தம், இசிஜி, எக்கோ, தலை ஸ்கேன், எல்லாம் நார்மல். "சோம்பேறித்தனம்னு இவங்கப்பா திட்றாரு" என்றார் அம்மா.

அத்தனை பரிசோதனையும் உட்கார வைத்தோ படுக்க வைத்தோ எடுத்தவை. தொல்லையோ நின்றால்தான் வருகிறது!

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமெடுத்து அதைச் சமாளிக்கும். நின்ற 3 நிமிடத்துக்குள் பிபியின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் நிற்கும்போது வரும் தாழ் ரத்த அழுத்தம். பிபி இறங்காமல் 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30 ஏறினால் போட்ஸ் (POTS), அதாவது நின்றால் நாடி எகிறும் கோளாறு என்கிறோம். (பதின்வயதினருக்கு 40.) நிற்க வைத்துப் பார்த்தேன், இவருக்கு இரண்டும் இல்லை. பல இடங்களில் இத்தோடு சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். நானும் அனுப்பியிருக்கிறேன்.

கையில் பட்டை சுற்றினால் தெரிவது கையின் அழுத்தம். மூளைக்கு எவ்வளவு போகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் இருக்கிறது, மண்டையோட்டின் வழியாக ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் ஸ்கேன். 1982ல் ரூனே ஆஸ்லிட் என்ற ஆய்வாளர் காட்டிய வழி. காதுக்கு முன்னால், எலும்பு மெலிசான பொட்டுப் பகுதியில் கருவியை வைத்து, மூளையின் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கலாம். வயதான பெண்கள் சிலருக்கு அந்த எலும்பு தடித்து ஒலி உள்ளேயே போகாது. தேடித் தேடிக் கை வலித்ததுதான் மிச்சம்.

இவருக்குப் படுத்திருந்தபோது விநாடிக்கு 60 செ.மீ. நின்ற எட்டாவது நிமிடம் 42. பிபி அப்போதும் 108/76. "இப்போ வருது" என்று அவர் சொன்னதும் திரையில் அலை குள்ளமானதும் ஒரே நேரம். படபடத்து மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளைக் குழாய் சுருங்கும் என்பதால் அதையும் பார்த்தோம், சரியாகவே இருந்தது.

நெதர்லாந்தில் நாள்பட்ட சோர்வு நோயாளிகள் 429 பேரைச் சாய்வு மேசையில் நிமிர்த்தி, கழுத்துத் தமனிகளில் அளந்த ஆய்வு 2020ல் வந்தது. மூளைக்கான ஓட்டம் சராசரியாக 26% குறைந்திருந்தது, நலமானவர்களுக்கு 7%தான். நாடியும் பிபியும் சரியாக இருந்தவர்களிலும் பலருக்குக் குறைந்தது.

எல்லோருக்கும் டாப்ளர் வேண்டாம். ஐந்து நிமிடம் படுத்து, பிறகு 10 நிமிடம் நின்று பிபியும் நாடியும் குறித்து வாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பெரியவர்கள் பிபி, புராஸ்டேட் மாத்திரைச் சீட்டையும் கொண்டுவாருங்கள், நின்றால் பிபி இறங்க அவையும் காரணமாகலாம். ஓடும்போது மயங்கினாலோ, முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தாலோ முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர், கூடுதல் உப்பு (உயர் பிபி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்யாதீர்கள்), இறுக்கமான காலுறை, நிற்கும்போது காலைப் பின்னி இறுக்குவது. அப்புறம் முதலாளிக்கு ஒரு கடிதம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொல்லித் தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் கிடைத்ததாம். கூட்டம் வந்தால் மட்டும் எழுப்பிவிடுகிறார்களாம்.