புல்விப் எஃபெக்ட்: சாட்டைச் சொடுக்கு விளைவு

கடையில் விற்பனை சற்றே கூடினாலும், மொத்த வியாபாரி, ஆலை, மூலப்பொருள் தருபவர் என்று பின்னோக்கிப் போகப் போக ஆர்டர் பல மடங்கு எகிறும். அந்த ஆட்டத்துக்குத்தான் இந்தப் பெயர்.

'புல்விப்' என்பது மாட்டு மந்தை ஓட்டுவோரின் நீளமான தோல் சாட்டை. பிடியில் மணிக்கட்டு லேசாக அசைந்தாலே நுனி வீசியடிக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே இந்த ஆர்டர் ஆட்டத்தை விவரித்ததால் 'ஃபாரஸ்டர் விளைவு' என்றும் சொல்வார்கள். சாட்டைப் பெயர் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திலிருந்து வந்தது. குழந்தைகளின் டயப்பர் தேவை ஏறக்குறைய ஒரே சீரானது. அந்த நிறுவனத்தின் டயப்பரான பாம்பர்ஸுக்கு வந்த ஆர்டர்களோ தாறுமாறாக ஆடின. 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் எழுதிய கட்டுரைகளால் பெயர் பரவியது.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? 'சாட்டையடி விளைவு' என்றால் தண்டனை நினைவுக்கு வரும். 'காளைச் சாட்டை' அகராதியைப் பார்த்துச் செய்த பெயர்ப்பு. சாட்டையைச் சொடுக்குவது தமிழில் புழங்கும் வினை. அசைவு பெருகுவதையும் அது காட்டுகிறது.

கணக்கு இதோ. ஒவ்வொருவரும் 3 வார இருப்பு வைக்கிறார்கள்; வார விற்பனை 100. அது 110 ஆனதும், 300-ல் மீதி 190 வைத்திருக்கும் கடைக்காரர் இருப்பை 330 ஆக்க 140 கேட்கிறார். அந்த 140-ஐயே தேவை என்று நம்பும் மொத்த வியாபாரி 260 கேட்கிறார். ஆலை 740 தயாரிக்கிறது. மறுவாரமும் விற்பனை 110-தான். மொத்த வியாபாரியின் ஆர்டர் 20-க்குச் சரிய, ஆலைக்கு வேலையே இல்லை. இங்கே யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாட்டுக்குப் பயந்து கூட்டிக் கேட்பது ஆகியவையும் ஆட்டத்தை வளர்க்கும்.

இதற்கு மருந்து, கடையின் பில் தரவை எல்லா நிலைகளுக்கும் நேரடியாகக் காட்டுவது. பெருந்தரவு (பிக் டேட்டா) என்று பெரும் செலவு செய்தும் பலர் சறுக்குவது இங்கேதான். முன்கணிப்பு மாதிரிக்குப் பில் தரவைத் தராமல் வியாபாரிகளின் ஆர்டர் தரவைத் தந்தால், அது சாட்டையின் ஆட்டத்தையே 'தேவை' என்று கற்றுக்கொள்ளும். சரக்கு தீர்ந்த நாளைப் பூஜ்ய விற்பனை என்று பதிந்தால் கணிப்பு தாழும். தள்ளுபடி வாரங்களைத் தனியே குறிக்காவிட்டால் உயரும். பெட்டியும் பாக்கெட்டும் ஒரே அலகாகக் கலந்துவிட்டால் எந்தக் கணிப்பும் உருப்படாது.

அளக்க, ஒவ்வொரு நிலையிலும் வார ஆர்டர்களின் விலக்க வர்க்கச் சராசரியை (சராசரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் விலகும் அளவை வர்க்கப்படுத்தி எடுத்த சராசரி) கடை விற்பனையின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுக்க வேண்டும். விடை 1-ஐத் தாண்டினால் சாட்டை சொடுக்குகிறது. எந்த இருவருக்கு இடையில் இந்த விடை சட்டென்று தாவுகிறதோ, அவர்களுக்குத்தான் முதலில் பில் தரவு போய்ச் சேர வேண்டும்.