கிரவுட்சோர்சிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிளிநொச்சிப் பக்கம் ‘சிரமதானம்’ என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரே மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் துப்புரவாக்கும். ஒரு வேலையை இணையம்வழி முன்பின் தெரியாத பலரிடம் விட்டுச் செய்விக்கும் கிரவுட்சோர்சிங் பற்றிப் பேச்சு வந்தால், “சிரமதானம் மாதிரித்தானே?” என்பார்கள். பாதி சரி. சிரமதானத்தில் பக்கத்தில் வெட்டுகிறவர் யாரென்று தெரியும். இதில் தெரியாது.

சொல் பிறந்தது 2006இல், வயர்ட் என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் ஜெஃப் ஹவ் எழுதிய கட்டுரையில். வேலையை வெளியாருக்குக் கொடுப்பது அவுட்சோர்சிங். அதையே ‘விரும்பியவர் செய்யலாம்’ என்று பெருந்திரளிடம் விட்டபோது ‘அவுட்’ போய், கூட்டம் என்று பொருள்படும் ‘கிரவுட்’ வந்தது. வியாபாரச் சொல்தான், பிறகு காலநிலை ஆய்வுக்கும் வந்துவிட்டது. காலநிலைச் சிக்கலுக்கு யாரும் தீர்வு முன்மொழியலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2009இல் கிளைமேட் கோலாப் என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. 2020 ஊரடங்கில் பிரித்தானியாவில் சுமார் 16,000 பேர், கையால் எழுதிய 65,000 பழைய மழைப்பதிவுத் தாள்களை வீட்டிலிருந்தே 16 நாளில் கணினியில் பதிந்து முடித்தார்கள்.

கண்டாவளையில் ஒரு பெரியப்பு, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த நாட்களைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். 2009க்கு முந்திய தாள்கள் போர்க்கால இடம்பெயர்வில் போய்விட்டன. இப்படி நூறு வீட்டுத் தாள்கள் சேர்ந்தால் அதுவும் ஆய்வுதான்.

சரி, தமிழ்ச் சொல்? ‘கூட்டம்’ என்று தொடங்கினால் இங்கே கமக்காரர் அமைப்புக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். ‘திரள்’ நல்ல வேர்: மக்கள் திரள்வார்கள், தரவு திரட்டப்படும், வெண்ணெயும் திரளும். ஆனால் ‘மக்கள் திரட்டல்’ என்று எழுதிவிட்டால் வன்னியில் போருக்கு ‘ஆள் திரட்டல்’ ஞாபகம் வரும். அது வேறு கதை, நல்ல கதையும் அல்ல. அதனால் நடுவில் ஒரு ‘வழி’ போடுகிறேன்: மக்கள்வழித் திரட்டல். திரட்டப்படுவது ஆட்கள் அல்ல, அவர்களுக்குத் தெரிந்தவை.

இதைத் திறந்த விஞ்ஞானத்தோடு குழப்பக் கூடாது. தரவு, முறை, முடிவு எல்லாவற்றையும் எவரும் பார்க்க விடுவதுதான் திறந்த விஞ்ஞானம். பிரித்தானிய மழைக்கணக்கை இன்று யாரும் இறக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கோ கிணறு, மழை என்று கேட்டு மூன்று தடவை படிவம் வந்தது. நிரப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான். முடிவு என்னவென்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. பெரியப்பு இப்போது தாளைக் கையில் கொடுப்பதில்லை. போட்டோ எடுக்க மட்டும் விடுகிறார்.