0.4 மில்லிமீற்றருக்குள் ஒரு மூட்டு

மலையகத்தில் தண்ணீருக்கு மோட்டார் தேவைப்படாத இடங்கள் நிறைய. மேட்டிலுள்ள ஊற்றோடு ஒரு தாங்கியைக் கட்டி, அங்கிருந்து குழாயை இறக்கினால் தண்ணீர் தானாகவே லயத்துக்கும் பீலிக்கும் வந்து சேரும். இறக்கம் தரும் அமுக்கத்துக்குக் கணக்கு எளிது: 10 மீற்றர் உயர வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 1 பார். தாங்கி 60 மீற்றர் மேலே இருந்தால் வீட்டுக் குழாயில் 6 பார். குழாய் நேராக வந்தாலும் சரி, தோட்டத்தைச் சுற்றி வளைந்து வந்தாலும் சரி, தடித்ததோ மெல்லியதோ, தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது இந்தக் கணக்கு மாறாது. பகலில் பத்து வீட்டில் பைப் திறந்திருக்கும். குழாய்ச் சுவரோடு உராய்ந்தே கொஞ்சம் அமுக்கம் தீர்ந்துவிடும். இரவில் எல்லாரும் மூடிவிட்டுப் படுத்த பிறகு 6 பாரும் முழுதாக மூட்டுகளின் மேல் வந்து நிற்கும். பகலெல்லாம் காய்ந்து கிடந்த மூட்டு காலையில் ஈரமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இந்த அமுக்கத்தோடு சூடும் சேரும்போது வேலை இன்னும் நுணுக்கமாகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் அங்கே உறைபனி விழுவதும் உண்டு. அங்கே சுடுதண்ணீர் ஆடம்பரமல்ல. ஆனால் பசை தடவி ஒட்டும் சாதாரண பீ.வீ.சி. குழாயை ஹீட்டருக்குப் பின்னால் போடக்கூடாது. 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே அது தளர்ந்து தன் பலத்தை இழக்கத் தொடங்கும். சூட்டுக் கருவியால் உருக்கி ஒட்டும் பீ.பீ.ஆர். குழாய் ஒரு வழி. இன்னொரு வழி பெக்ஸ். சுருளாக வரும், கையால் வளையும், நெருப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். இருப்பது குழாய்களை இணைக்கும் ஒரு ஃபிட்டிங், ஒரு செப்பு வளையம், அதை நெரிக்க ஒரு கைக்கருவி. இந்தக் கிறிம்பிங் கருவியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பெக்ஸ் என்பது பொலிஎதிலீன்தான். நம் தோட்டங்களில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாயின் உறவு. வித்தியாசம் மூலக்கூறுகளில் இருக்கிறது. சாதாரண பொலிஎதிலீனில் நீண்ட சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன, கட்டப்படாத நூல்கள் போல. பெக்ஸில் அந்தச் சங்கிலிகள் இடையிடையே முடிச்சுப் போட்டு வலையாகிவிடுகின்றன. கட்டாத நூலை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல நழுவும், வலை நழுவாது. கறுப்புக் குழாயில் ஜூபிலி கிளிப் போட்டு இறுக்கியவர்களுக்கு இது தெரியும்: சில மாதம் கழித்துத் திருப்புளியை எடுத்து இன்னொரு சுற்று இறுக்கவேண்டி வரும். கிளிப் தளரவில்லை, அதற்கடியில் பிளாஸ்டிக் நழுவி மெலிந்துவிட்டது. பெக்ஸும் கொஞ்சம் தளரத்தான் செய்யும், ஆனால் ஓர் எல்லையில் நின்றுவிடும். மிச்சமிருக்கும் எதிர்விசை பல வருடம் நிலைக்கும். திரும்ப இறுக்க முடியாத ஒரு வளையத்தை நம்பி மூட்டை மூடிவிட முடிவது இதனால்தான்.

இப்போது மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பித்தளை ஃபிட்டிங்கின் காலில் வட்டமாகச் சில முகடுகள் இருக்கும். குழாய் அதன் மேல் ஏறுகிறது, குழாய்க்கு மேலே செப்பு வளையம். கருவி வளையத்தை நெரிக்கும்போது செம்பு நிரந்தரமாக உருமாறுகிறது. விட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது. பெக்ஸ் அப்படியல்ல, திரும்பத் துடிக்கும். செம்பு அதை விடாமல் பிடித்திருக்க, குழாய்ச் சுவர் முகடுகளின் மேல் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. தண்ணீரை அடைப்பது அந்த அழுத்தம்தான். இறப்பர் வாஷர் எதுவும் இல்லை.

கழன்று போகும் என்ற பயம் பலருக்கு. அரை அங்குல பெக்ஸின் உள்விட்டம் சுமார் 12 மில்லிமீற்றர். அதன் வாய்ப்பரப்பு 1.13 சதுர சென்ரிமீற்றர். 6 பாரில் ஃபிட்டிங்கை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம். ஒழுங்காக நெரித்த மூட்டுக்கு அது பெரிய விசையே இல்லை. கழல்வதை விடக் கசிவதுதான் உண்மையான பிரச்சினை. கசிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரு விஷயம்: நெரித்த பின் வளையத்தின் வெளிவிட்டம். அரை அங்குலத்துக்கு அது சுமார் 17.8 முதல் 18.2 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். அதைவிடப் பெரிதானால் பெக்ஸ் போதிய அளவு அழுந்தவில்லை. சிறிதானால் வளையம் குழாய்ச் சுவருக்குள் வெட்டி இறங்கியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் ஃபிட்டிங்காக இருந்தால் அதன் கால் வெடித்திருக்கும்.

ஆகவே கிறிம்பிங் கருவியின் வேலை பலமாக நெரிப்பது என்று நினைப்பது பாதி உண்மை. சரியான அளவில் நிற்பதுதான் அதன் பெரிய வேலை. இரண்டு அரைவட்டத் தாடைகள் ஒன்றையொன்று முட்டியதும் கருவி நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு பலம் போட்டாலும் வளையம் இன்னும் சிறிதாகாது. பலத்தை நெம்பு பார்த்துக்கொள்கிறது. கைப்பிடி 50 சென்ரிமீற்றர், தாடை சுழலச்சிலிருந்து 2.5 சென்ரிமீற்றர் தள்ளி என்று வைத்துக்கொண்டால் விசை 20 மடங்காகும். ஒருவர் 25 கிலோ அளவுக்கு அழுத்தினால் தாடையில் அரைத் தொன். சில கருவிகளில் இரட்டை நெம்பு அமைப்பு இருக்கும். கைப்பிடி மூடும் தறுவாயில், செம்பு மிகக் கடினமாக எதிர்க்கும் அந்தக் கடைசி இடத்தில், மடங்கு இன்னும் கூடும். நீளக் கைப்பிடி வாஷ்பேசினுக்கு அடியில் நுழையாது என்று சிறியதை வாங்குகிறவர்கள் கையின் வலியால் விலை கொடுப்பார்கள்.

இனிச் செய்முறை. குழாயை அதற்கென்றுள்ள கத்தரியால் நேர்குறுக்காக வெட்டவேண்டும். இரும்பறுக்கும் வாள் வேண்டாம். அது பிசிறு விடும், அந்தப் பிசிறு பிறகு பைப்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். முதலில் வளையத்தைக் குழாயில் கோர்த்துவிடுங்கள். ஃபிட்டிங்கை ஏற்றிய பிறகு வளையம் ஞாபகம் வந்தால் கழற்றுவது எளிதல்ல. பிறகு ஃபிட்டிங்கை அதன் தோள் முட்டும்வரை தள்ளவும். எண்ணெய், தெஃப்லோன் ரேப், பசை எதையும் தடவக்கூடாது. குளிர் காலையில் குழாய் விறைத்து நின்றால் வெயிலில் கொஞ்ச நேரம் விரித்து வைத்தால் போதும், நெருப்புக் காட்டவேண்டாம். வளையத்தைக் குழாயின் முனையிலிருந்து 3 முதல் 6 மில்லிமீற்றர் உள்ளே வைக்கவும். நழுவினால் குறட்டால் லேசாக ஒரு பிடி பிடித்து நிறுத்தலாம். தாடை வளையத்தின் முழு அகலத்தையும் மூடும்படி, குழாய்க்குச் செங்குத்தாகக் கருவியை வைத்து, ஒரே மூச்சில் கடைசிவரை மூடவும்.

அந்த 3 முதல் 6 மில்லிமீற்றருக்குக் காரணம் இருக்கிறது. முனைக்கு மிகக் கிட்டே வைத்தால் தாடையின் ஓரம் ஃபிட்டிங்கின் தோளில் இடித்து, கருவி சாய்ந்துவிடும். மிகவும் தள்ளி வைத்தால் வளையம் முகடுகள் எல்லாவற்றின் மேலும் உட்காராது, ஒன்றிரண்டை மட்டுமே பிடிக்கும். கருவி சாய்ந்தால் வளையம் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து கூம்பாகிவிடும். கண்ணுக்கு நல்ல மூட்டுப் போலவே தெரியும்.

அதனால்தான் கேஜ். கருவியோடு சேர்ந்து வரும் இந்தச் சிறு தகட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. என் கணிப்பில் கருவியை விட அதுதான் முக்கியம். ஒவ்வோர் அளவுக்கும் அதில் இரண்டு வாய் இருக்கும். பெரிய வாய் வளையத்தின் மேல் இறங்கவேண்டும், சிறிய வாய் இறங்கக்கூடாது. பெரியதே இறங்காவிட்டால் போதிய நெரிப்பு இல்லை; சிறியதும் இறங்கினால் நெரிப்பு மிஞ்சிவிட்டது. கேஜை நேராக மேலிருந்து இறக்கவேண்டும், பக்கவாட்டில் சறுக்கிக் கொண்டுவரக்கூடாது. இரு தாடைகளும் சந்தித்த இடத்தில் வளையத்தின் கறுப்புப் பூச்சு லேசாக உரிந்து கோடு தெரியும். அந்த இடத்தில் செம்பு சற்றுப் பிதுங்கியிருப்பதால் அங்கே அளக்கவேண்டாம், அதை விட்டு இரண்டு திசையில் பாருங்கள்.

கேஜில் தோற்ற மூட்டை மறுபடி நெரிக்கும் ஆசை வரும். கூடாது. ஒருமுறை உருமாறிய செம்பு கடினமாகிவிடுகிறது. இரண்டாம் முறை அது வட்டமாகச் சுருங்காமல் தாடை சந்திக்கும் இடத்தில் காது போலப் பிதுங்கும். வளையத்தை அறுத்து எடுத்து, நெரிபட்ட குழாய்த் துண்டையும் வெட்டி எறிந்து, புது வளையத்தோடு தொடங்கவேண்டும். அறுக்கும்போது பித்தளையில் கீறல் விழாவிட்டால் ஃபிட்டிங்கை மறுபடி பாவிக்கலாம். நெடுக்காக ஒரு மெல்லிய கீறல் விழுந்தாலும் அது வளையத்துக்கு அடியில் ஒரு வாய்க்காலாகிவிடும். குழாயின் உட்புறத்துக்கும் இதே விதி.

நெரித்த ஃபிட்டிங் கையால் பலமாகத் திருகும்போது கொஞ்சம் சுழன்றால் பயப்படவேண்டாம். பெக்ஸ் மூட்டில் அது வழமை. கேஜ் சரியென்றால் மூட்டும் சரி.

ஒரே நாளில் எல்லா மூட்டும் கேஜில் தோற்கத் தொடங்கினால் குற்றம் கருவியில். சுழலச்சு தேய்ந்தோ, கருவி விழுந்து அடிபட்டோ தாடை முழுதாக மூடாமல் போயிருக்கும். பெரும்பாலான கருவிகளில் சரிசெய்யும் திருகு உண்டு. கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாமல், ஒவ்வொரு தடவையும் ஒரு கழிவுத் துண்டில் நெரித்து அளந்து பார்க்கவேண்டும்.

செப்பு வளையத்துக்குப் பதில் துருப்பிடிக்காத உருக்குக் கிளாம்ப் உள்ள முறையும் இருக்கிறது. அதில் வளையத்தின் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காதைக் கருவி கிள்ளுகிறது. ஒரே கருவி எல்லா அளவுக்கும் போதும். பல்சக்கரப் பூட்டு இருப்பதால் முழுதாக மூடாமல் விடவும் முடியாது. சுவர் மூலையில் வேலை செய்கிறவருக்கு இதுவே வசதி.

அலுமினியத் தகடு நடுவில் உள்ள பல்லடுக்குக் குழாய் வேறு சாதி. 16 மில்லிமீற்றர் வெளிவிட்டம், 2 மில்லிமீற்றர் சுவர் உள்ளது பரவலான அளவு. அதன் ஃபிட்டிங்கில் இறப்பர் ஓ-றிங்கும் வெளியே உருக்கு உறையும் இருக்கும். வெட்டிய குழாய் வாயை வட்டமாக்கி, உள்விளிம்பைச் சரிவாகச் சீவாமல் ஏற்றினால் ஓ-றிங் அறுந்துவிடும். உறையிலுள்ள சிறு துளையில் குழாய் தெரிந்த பிறகுதான் அழுத்தவேண்டும். தாடையின் வடிவங்களும் பல வகை, டீ.எச்., யூ போன்ற எழுத்துகளால் குறிப்பார்கள். ஃபிட்டிங் எந்த வடிவத்தைக் கேட்கிறதோ அதையே போடவேண்டும். அரை அங்குல பெக்ஸின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீற்றர் என்பதால் இரண்டும் ஒன்றுதானே என்று ஹாட்வெயார் கடையில் கலந்து வாங்கிவிடுவது எளிது. சுவர்த் தடிப்பு 1.8க்கும் 2.0க்கும் வேறுபடுகிறது, 0.4 மில்லிமீற்றருக்குள் நிற்கவேண்டிய மூட்டில் அந்த வித்தியாசம் இருபக்கச் சுவரிலும் சேர்ந்து எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஃபிட்டிங்கின் உலோகத்தையும் கவனிக்கவேண்டும். மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள ஊற்றுநீர் மலிவான பித்தளையிலிருந்து நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்தை மெல்லக் கரைத்து எடுத்து, மிச்சத்தைப் பொருக்கு போன்ற செம்பாக விட்டுவிடும். தேயிலை விளையும் அமில மண்ணூடாக ஊறிவரும் தண்ணீரைப் பாவிக்கிற இடங்களில் நாகம் கரைவதைத் தாங்கும் பித்தளையையோ நல்ல பிளாஸ்டிக் ஃபிட்டிங்கையோ கேட்டு வாங்குவது நல்லது. பெக்ஸை வெயிலில் திறந்தும் போடக்கூடாது. புறஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்யும், மலை உயரத்தில் அந்தக் கதிர் இன்னும் கூர்மை.

கடைசியாக அமுக்கத்தை மறுபடி கணக்கில் எடுப்போம். ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரத்திலான பெக்ஸ் 23 பாகையில் சுமார் 11 பாரைத் தாங்கும். 82 பாகையில் 6.9 பார் மட்டுமே. 60 மீற்றர் இறக்கமுள்ள வீட்டில் ஹீட்டரின் வெப்பநிலை கட்டுப்பாடு பழுதானால் எல்லை கிட்டத்தான் இருக்கிறது; பைப்பைப் படாரென்று மூடும்போது வரும் தண்ணீர் அடியும் அதற்குமேல். இறக்கம் அதிகமானால் இடையில் அமுக்கம் உடைக்கும் சிறு தாங்கியொன்றைக் கட்டுங்கள், அல்லது அமுக்கம் குறைக்கும் வால்வைப் பொருத்துங்கள். நீளவாக்கில் குழாயைக் கம்பி போல் இழுத்தும் கட்டவேண்டாம்: 10 மீற்றர் பெக்ஸ் 40 பாகை சூடேறினால் 6, 7 சென்ரிமீற்றர் நீளும்.

சுவரைப் பூசுமுன் சோதனை. கைப்பம்பு இருந்தால் வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றலாம். முதலில் அமுக்கமானியின் முள் கொஞ்சம் இறங்கும். அது கசிவல்ல, குழாய் சற்று விரிவதுதான். மறுபடி ஏற்றி, அரை மணி நேரம் முள் நிற்கிறதா என்று பாருங்கள். பம்பு இல்லாவிட்டால் மேட்டுத் தாங்கியின் அமுக்கத்தையே ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் பைப்பைத் திறக்குமுன் ஒவ்வொரு வளையத்தையும் காய்ந்த பேப்பரால் சுற்றித் துடைத்துப் பார்க்கவும். பேப்பர் ஈரமானால் கேஜ், வளையம் அறுக்கும் கத்தி, புது வளையம்.