ஒரு மீட்டரில் 454 கோடி ஆண்டுகள்

பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று பிள்ளைகள் தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். அதே பிள்ளைகள், ஆதி மனிதர்கள் டைனோசரை எப்படி வேட்டையாடினார்கள் என்றும் கேட்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?"

பெரிய எண்கள் என்றாலே மனம் தடுமாறத்தான் செய்யும். ஒரு கோடு போட்டு, இடது முனையில் ஆயிரம், வலது முனையில் 100 கோடி என்று எழுதி, 10 லட்சம் எங்கே வரும் என்று கேட்டுப் பாருங்கள். அறிவாற்றல் ஆய்வாளர் டேவிட் லாண்டி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களிலேயே பலர் ஏறக்குறைய நடுவில் புள்ளி வைத்தார்கள். கோடு ஒரு மீட்டர் என்றால், இடது முனையிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் அது வரும்!

பூமியின் வரலாற்றை 24 மணி நேரமாகச் சுருக்கிக் காட்டுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம் வாழ்நாளிலிருந்து கோடிகளுக்கு ஒரே தாவல். நடுவில் கால் ஊன்ற இடமில்லை. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக உளவியலாளர்கள் தாமஸ் ஷிப்லி, நோரா நியூகோம்ப் குழுவினர் இதைப் படிப்படியாக மாற்றினார்கள். கோட்டின் நீளம் மாறாது, அது குறிக்கும் காலம் மட்டும் வளரும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான்.

கரும்பலகையில் ஒரு மீட்டர் கோடு போடுங்கள். அது 100 ஆண்டு, அதன் ஒரு ஓரம் இன்று. பிள்ளைகள் தங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கட்டும். கீழே அதே நீளத்தில் இன்னொன்று: 10,000 ஆண்டு. மேலே இருந்த முழுக்கோடும் இதில் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 10 லட்சம் ஆண்டு. நம் இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள். ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர். அடுத்தது 10 கோடி. டைனோசர்கள் 66 சென்டிமீட்டரில் அழிகின்றன, மனிதர்களோ 3 மில்லிமீட்டருக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். வேட்டைக்கு வழியே இல்லை என்பது இங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடைசிக் கோடு 454 கோடி. அந்த 10 கோடி முழுவதும் இதில் வெறும் 2.2 சென்டிமீட்டர். மனித வரலாறு ஒரு தலைமுடியின் தடிமன்.

வடிவம் ஒன்றாகவே இருப்பதால் ஒப்பிடுவது எளிது. முந்தைய கோடு அடுத்ததற்குள் அடங்குவதால் பிடி நழுவுவதில்லை. இதற்குத் தேவை சாக்பீஸும் அளவுகோலும்தான். வகுப்பறை டிஜிட்டல் திரைகளுக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கையாவது இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு கோட்டிலும் சரியான இடத்தைக் காட்டும் முன், பிள்ளைகளே ஊகித்துப் புள்ளி வைக்கட்டும். தவறான புள்ளியை அழித்துவிடாதீர்கள். சரியான புள்ளி அதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.