99 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்

வீட்டில் ஆக்ஸிஜனைக் கூட்டி வைத்து, மயங்கிய நிலையில் வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

"அப்பா ரெண்டு நாளா தூக்கமே இல்லாம கஷ்டப்பட்டார் டாக்டர். நேத்து ராத்திரிதான் நல்லா அசந்து தூங்கினார். காலையில எழுப்பினா எழுந்திரிக்கல" என்றார் மகன். பெரியவருக்கு 68 வயது. நாற்பது வருட பீடி, அது கொடுத்த சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரல் கெட்டுப்போகும் நாள்பட்ட நோய்). வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் உண்டு. நிமிடத்துக்கு 1 லிட்டரில் வைக்கச் சொல்லியிருந்தோம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் மீட்டர் 89 காட்டியதும் பயந்துபோய் 5 லிட்டருக்கு ஏற்றிவிட்டார்கள். 99 வந்ததும் வீடே நிம்மதியாகிவிட்டது. போதாததற்கு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை வேறு.

கை கதகதவென்று சூடாக இருந்தது, கண் சிவந்திருந்தது. உலுக்கினால் அரைக்கண் திறந்து மறுபடி மூடிக்கொண்டார். கைகளை நீட்டிப் பிடித்து மணிக்கட்டை மேலே மடக்கினால் அப்படியே நிற்காமல் படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தது. கார்பன் டை ஆக்ஸைடு தேங்கியிருக்கும் என்று சந்தேகித்து, தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம்: பிஎச் (ரத்தத்தில் அமிலம் ஏறினால் இது இறங்கும்) 7.21, கார்பன் டை ஆக்ஸைடு 94. முறையே 7.35-க்குக் குறையாமலும் 45-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டியவை இவை.

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். அந்த மீட்டர் ஆக்ஸிஜனை மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்ஸைடு அதற்குத் தெரியாது. 99 காட்டிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் அமிலமாகி மனிதர் மயக்கத்துக்குப் போய்விடலாம். நாள்பட்ட சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு, நாங்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். 89 அவருக்குச் சரியான அளவு! தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால், கெட்டுப்போன நுரையீரல் பகுதிகளுக்கும் ரத்தம் வீணாகத் திரும்பிப் போய், கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுவது இன்னும் குறைகிறது. 2010-ல் வெளியான, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே இப்படி அளந்து ஆக்ஸிஜன் கொடுத்தவர்களிடையே இறப்பு, வழக்கம்போல் அதிகமாகக் கொடுத்தவர்களில் இருந்ததில் பாதிகூட இல்லை.

"ரத்தத்துல அமிலம்னா சோடா மருந்து ஏத்தலாமே?" என்று மருத்துவம் சார்ந்த படிப்பு படித்த உறவினர் ஒருவர் கேட்டார். அவர் சொன்ன சோடா மருந்து பைகார்பனேட். அதுவும் உடலில் கார்பன் டை ஆக்ஸைடாகத்தான் மாறும், அதையும் இதே நுரையீரல்தான் வெளியே தள்ள வேண்டும். பிரச்சினை மூச்சில் இருக்கிறது, வைத்தியமும் மூச்சுக்குத்தான். ஆக்ஸிஜனை இலக்குக்குள் இறக்கி, நெபுலைசரும் ஸ்டீராய்டும் கொடுத்து, முகத்தில் பைபேப் மாஸ்க் மாட்டினோம். அதோடு இணைந்த மிஷின் ஒவ்வொரு மூச்சையும் தாங்கிப் பிடித்துக் காற்றை உள்ளே தள்ளும். முதல் ஒரு மணி நேரம் கஷ்டம்தான். "மூச்சு முட்டுது, கழட்டுங்க" என்று குடும்பமே சண்டைக்கு வரும். கழட்டாதீர்கள். நர்ஸ் பக்கத்திலேயே நின்று பட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பது அதற்காகத்தான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம், பிஎச் 7.28. சாயங்காலம் பெரியவர் காபி கேட்டார். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. மாஸ்க்குக்கு மசியாவிட்டால் குழாய் போட்டு வென்டிலேட்டர்தான்.

மிஷினில் எத்தனை லிட்டர் என்பதை நாங்கள் சொல்கிறோம், நீங்கள் கூட்டாதீர்கள். இதைப் படித்துவிட்டு பயந்து ஒரேயடியாக நிறுத்தியும் விடாதீர்கள், அதுவும் ஆபத்து. தூக்க மாத்திரையும், தூங்க வைக்கும் இருமல் சிரப்பும் எங்களைக் கேட்காமல் கூடவே கூடாது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம் என்றால் மறுநாள் ஓபிக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, வண்டியில் வருபவரிடம் முதல் வார்த்தையாக "இவர் சி.ஓ.பி.டி. பேஷன்ட், 88-லிருந்து 92 போதும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் பேப்பரையும் கையோடு எடுத்து வாருங்கள்.