தரையில் இருந்தாலும் சிறகு சிறகுதான்

சிறு விமானம் ஓட்டப் பழகுகிறவர்களில் பலர் முதல் நாளே ஒரு தவறு செய்வார்கள். ஓடுபாதைக்குப் போகும் வழியில் வளைவு வந்ததும், கையில் இருக்கும் கைப்பிடியை கார் ஸ்டீயரிங் மாதிரி திருப்புவார்கள். விமானம் அதுபாட்டுக்கு நேராகப் போகும். தரையில் திருப்புவது கால் வேலை. பெடலை மிதித்தால் முன்சக்கரம் திரும்பும். பெடலின் மேல்பகுதியை அழுத்தினால் அந்தப் பக்கத்து பிரேக் பிடிக்கும்.

சரி, அப்போது கை சும்மா இருக்கலாமா? கூடாது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். சிறகின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 11 மீட்டர். அதைத் தாங்கும் இரு சக்கரங்களுக்கு இடையே சுமார் இரண்டரை மீட்டர்தான். விமானம் பறக்கிறதா, ஊர்கிறதா என்பதெல்லாம் சிறகுக்குத் தெரியாது. காற்று பாய்ந்தால் தூக்கும், அவ்வளவுதான். காற்று இரு மடங்கு வேகமானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும்.

மிகவும் மோசமானது பின்பக்க மூலையிலிருந்து வரும் காற்று. இடது பின்புறத்திலிருந்து அடித்தால் இடது சிறகும் வாலும் சேர்ந்தே எழும்பும். அந்த நேரத்தில் வேகமாகத் திரும்பினாலோ, பிரேக்கை ஓங்கி மிதித்தாலோ, விமானம் வலது முன்பக்கமாகக் கவிழ்ந்து புரொப்பெல்லர் தரையில் இடிக்கும். அதனால்தான் விமானி கைப்பிடியை முன்னே தள்ளி, காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார். காற்று வரும் பக்கத்துச் சிறகிலும் வாலிலும் உள்ள அசையும் மடிப்புகள் கீழே இறங்க, பின்னாலிருந்து வரும் காற்று அவற்றின் முதுகில் விழுந்து அழுத்தும். முன்பக்கக் காற்று என்றால் நேர்மாறு: காற்று வரும் பக்கமே திருப்ப வேண்டும். பெரிய ஜெட் ஒன்றின் பின்னால் போய் மாட்டினாலும் இதே கதி. அங்கே காற்று இயற்கையானதல்ல, எஞ்சின் ஊதுவது.

தரையில் வழி தவறுவது வேறு ரக ஆபத்து. 2001 அக்டோபர் 8, மிலானின் லினாட்டே விமான நிலையம். கடும் பனிமூட்டம், தரை ரேடார் இயங்கவில்லை. ஆர்5 பாதையில் போகவேண்டிய சிறிய செஸ்னா ஜெட் ஆர்6-இல் திரும்பி, ஓடுபாதைக்குள் நுழைந்தது. மேலெழும்பிக்கொண்டிருந்த எம்டி-87 பயணிகள் ஜெட் அதன்மேல் மோதியது. 118 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் செஸ்னா விமானி, 'எஸ்4' என்ற தரைக்குறியைச் சொல்லித் தன் இடத்தைத் தெரிவித்திருந்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு அப்படியொரு குறி இருப்பதே தெரியாது.